உயிர் என்பது யாது?

தமிழில் ‘உயிர்’ என்னும் சொல் இலக்கணத்திற்கும் அறிவியலுக்கும் பொதுவானது. இலக்கணத்தில் அஃது எழுத்தின் பெயர்; உயிரியலில் அதுவே ஆராய்ச்சிக்குரிய பொருள். தொல்காப்பிய மரபியல், புல்லும் மரமும் முதலாக மனிதர் ஈறாக உள்ள உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துரைக்கிறது. இடம்விட்டு நகராத மரத்தையும் தொடுவுணர்வுடைய உயிராக எண்ணியது அப்பகுப்பின் சிறப்பு. ஆயின், அஃது உயிருள்ளவற்றைத் தம்முள் வகைப்படுத்துவதாகும். உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் இடைப்பட்ட எல்லை எது என்பது வேறு வினா. உயிரியலின் முதற்பாடம் அவ்வினாவிலேயே தொடங்குகிறது.

அசைதல், உணவு கொள்ளுதல், சுவாசித்தல், வளர்தல், கழிவு நீக்குதல், தூண்டலை உணர்தல், இனம்பெருக்குதல் என ஏழு பண்புகளைப் பள்ளிப் பாடநூல்கள் கூறும். இவற்றுள் ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நாம் இடர்ப்படுவோம். சர்க்கரைப் பாகில் தொங்கவிட்ட நூலில் கற்கண்டு வளர்கிறது, அதற்கு உயிரில்லை. விளக்குச் சுடர் எண்ணெயை உட்கொள்கிறது; காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்கிறது; புகையைக் கழிக்கிறது; அடுத்த திரியிலும் பற்றிக்கொள்கிறது. அதற்கும் உயிரில்லை. கோவேறு கழுதையோ பொதுவாகக் குட்டி ஈனுவதில்லை. எனினும் அது நம் கண்முன் உயிரோடு பொதி சுமக்கிறது.

அவ்வாறாயின் வேறுபாடு எங்கே உள்ளது? கற்கண்டின் மேல் சர்க்கரை வந்து படிகிறது, அவ்வளவே. மாங்கன்றோ மண்ணிலுள்ள நீரையும் உப்புகளையும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு, தனக்குரிய இலையையும் தண்டையும் தானே ஆக்கிக்கொள்கிறது. சிதைந்ததைச் சீர்செய்கிறது. இவ்வளவும் அதனுள் அமைந்த மரபுப்பொருளின் வழி நிகழ்கின்றன. இத்தகைய ஆக்கமும் சிதைவும் சேர்ந்ததை வளர்சிதைமாற்றம் என்பர். இது நிகழும் களமே உயிரணு. 1665ஆம் ஆண்டு இராபர்ட் ஹூக், தக்கைச் சீவலை உருப்பெருக்கியில் நோக்கிச் சிறு அறைகளைக் கண்டார். தாவர உடல் உயிரணுக்களால் ஆனது என 1838இல் ஷ்லைடனும், விலங்குடலும் அத்தகையதே என 1839இல் ஷ்வானும் உரைத்தனர். உயிரணு முன்னுள்ள உயிரணுவிலிருந்தே தோன்றும் என்பதை 1855இல் விர்ச்சோ வலியுறுத்தினார்.

இவ்விளக்கத்தையும் சோதிக்கும் பொருள்கள் இரண்டு உண்டு. ஒன்று விதை. சாக்கடலை அடுத்த மசாதா மலைக்கோட்டையில் 1960களில் நடந்த அகழாய்வில் பேரீச்சங் கொட்டைகள் சில கிடைத்தன. அவற்றுள் ஒன்று 2005இல் விதைக்கப்பட்டு முளைத்தது. அதன் வயது ஏறத்தாழ 2000 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. மேற்கூறிய ஏழு பண்புகளுள் ஒன்றும் வெளியே தோன்றாமல் கிடந்த கொட்டைக்குள் உயிர் ஒடுங்கியிருந்தது. ஆதலின், இயங்கிக்கொண்டிருப்பது மட்டுமன்றி, மீண்டும் இயங்கும் ஆற்றலைக் காத்து வைத்திருப்பதும் உயிரின் இயல்பே எனலாம்.

மற்றொன்று வைரஸ். புகையிலைச் செடியைத் தாக்கும் தேமல் நோய் வைரஸை 1935இல் ஸ்டான்லி என்னும் அறிஞர் படிகமாகப் பிரித்தெடுத்தார். உப்பைப் போலப் படிகமாகும் அப்பொருளைச் செடியில் சேர்த்தால் மீண்டும் நோய் பரப்பியது. வைரஸிடம் மரபுப்பொருள் உண்டு, உயிரணு இல்லை, தனக்கென வளர்சிதைமாற்றமும் இல்லை. பிற உயிரணுவினுள் புகுந்து, அதன் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்குகிறது. நம் இலக்கணத்தைக் கொண்டு சொல்வதாயின், உயிரோடு கூடினாலன்றி இயங்காத மெய்யெழுத்தைப் போன்றது அது. அதனை உயிர்களோடு சேர்ப்பதா, விலக்குவதா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்தொருமை இல்லை.

இஃது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. பாக்டீரியா உயிரணு உடையது. பெனிசிலின் போன்ற மருந்து அவ்வுயிரணுவின் சுவர் உருவாவதைத் தடுத்து அதனை அழிக்கிறது. வைரஸுக்கு அத்தகைய சுவரே இல்லை. ஆகவே பெனிசிலினுக்கு அங்கே வேலையில்லை. பெரும்பாலும் வைரஸால் வரும் சளிக்கு, மருத்துவர் கூறாமலே கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்குவோர் நம் இல்லங்களில் உளர். அதனால் சளி தீர்வதில்லை. மாறாக, உடலிலுள்ள பாக்டீரியாக்களுள் அம்மருந்தைத் தாங்கவல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. பின்னர் நிமோனியா போன்ற கடும் நோய் வரும்போது, காக்க வேண்டிய மருந்து பயனற்றுப் போகலாம்.

‘உயிர் யாது’ என்னும் வினாவை மாணவர்கள் தேர்வுக்குரிய இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டும் கருதலாகாது. அதன் விடையில் நம் வீட்டுப் பிள்ளைகளின் நலமும் அடங்கியுள்ளது. கற்றதை வீட்டிலுள்ள பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே அக்கல்வியின் பயனாகும்.