விறைப்பு தளர்ந்த பிறகு

1975 ஜனவரியில் இதே பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வுக்கு வந்திருந்தார் ஆய்க்குடியைச் சேர்ந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன். உடல்திறன் சோதனையின்போது விழுந்து கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. அவரே 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தமக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். இந்த வரலாறு நம்மவர் பலருக்குத் தெரியும். ஆனால் தண்டுவடத்தில் அடிபட்டவர் உடம்புக்குள்ளே பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு.

நான் வைத்தியன் இல்லை. கடை மூடிய பிறகு ராத்திரியில் படிக்கிறவன், அவ்வளவுதான். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து நிம்ஹான்சுக்கு வருகிற உறவுக்காரர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆபரேஷன் ஆச்சு, கால் இறுக்கமும் போச்சு. ஏன் இன்னும் நடக்கலை?"

அடிபட்ட முதல் சில வாரங்கள் கால்கள் துவண்டு கிடக்கும். பிறகு மெல்ல மெல்ல விறைப்பு வரும். தொட்டால் வெட்டி இழுக்கும், தொடைகள் ஒன்றோடொன்று கத்தரிபோல் பூட்டிக்கொள்ளும். 'உயிர் வந்துடுச்சு' என்று வீட்டில் மகிழ்வார்கள். உண்மையில் நடப்பது வேறு. தசை இழுபட்டால் அந்தச் செய்தி பின்பக்க நரம்பு வேர் வழியாகத் தண்டுவடத்துக்குப் போகும். 'சுருங்கு' என்ற உத்தரவு முன்பக்க வேர் வழியாகத் திரும்பும். இதற்கு மூளை பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறது. அடிபட்ட இடத்தில் அந்த பிரேக் கம்பி அறுந்துவிட்டது. வண்டி தானாக ஓடுகிறது.

எல்லா விறைப்புக்கும் கத்தி தேவையில்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம் கூட விறைப்பை ஏற்றிவிடும். இவற்றைச் சரிசெய்து, பயிற்சி, மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தும் அடங்காதபோதுதான் அறுவை. ஜெர்மனியில் ஃபோர்ஸ்டர் 1908இலேயே பின்பக்க வேர்களை வெட்டும் முறையை வெளியிட்டார். பிரான்சில் சிந்து என்பவர் 1972இல் அந்த வேர் தண்டுவடத்துக்குள் நுழையும் வாசலிலேயே வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். (பெயரைப் பார்த்து நம்மவர் என்று நினைத்துவிடாதீர்கள், பிரெஞ்சுக்காரர்தான்.) குறுகிப்போன தசைநாரை நீட்டுவது இன்னொரு வகை. 1984இல் சிகாகோவின் ரிச்சர்டு பென் பேக்லோஃபென் பம்ப்பைப் பற்றி எழுதினார். தடித்த வடை அளவுள்ள கருவியை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்து, மெல்லிய குழாய் வழியாக மருந்தை நேரே தண்டுவட நீரில் விடுவார்கள். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு, பம்ப்பில் மைக்ரோகிராம் கணக்கு. வியாபாரிக்குப் புரியும் வித்தியாசம் இது!

எந்த முறையானாலும் அறுந்த தண்டுவடம் அதனால் ஒட்டாது. நாற்காலியில் நேராக உட்கார, தொடை விலக்கிச் சுத்தம் செய்ய, இழுப்பில்லாமல் தூங்க, புண் வராமல் இருக்கத்தான் பெரும்பாலும் இந்த அறுவை. நகையை அடகு வைக்கும் முன்பே 'எதற்காக இந்த ஆபரேஷன்?' என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. சிலர் அந்த விறைப்பையே கம்பாக ஊன்றி நின்றிருப்பார்கள், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறியிருப்பார்கள். விறைப்பு போனதும் கால் துணிபோல மடங்கும். வீட்டார் பயந்துபோகிறார்கள். மாறுவதையும் உட்காருவதையும் புதிதாகப் பழக வேண்டும்; அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

பார்த்துக்கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, இங்கே உணர்ச்சி இல்லாத உடம்பில் வலி எச்சரிக்காது என்பதுதான். வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். இடுப்பெலும்பு, குதிகால், மாவுக்கட்டின் ஓரம் எல்லாவற்றையும் தினமும் கண்ணால் பார்க்க வேணும். வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது, தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. ஊரிலிருந்து தைலம் வரும், பாசத்தோடுதான் வரும். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் உருவவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், உருவினால் அது நுரையீரலுக்குப் போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலும்பும் மெலிந்திருக்கும், தளர்ந்த காலை வேகமாக மடக்கினால் முறியும்.

மார்பின் நடுமட்டத்துக்கு மேலே அடிபட்டவருக்கு இன்னொரு ஆபத்து. திடீர்த் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். அடங்காவிட்டால் ஆம்புலன்ஸ்தான்.

வீடு திரும்பிய பிறகும் பயிற்சி நிற்கக் கூடாது. இதற்கு நிம்ஹான்சில் நரம்பியல் மறுவாழ்வுத் துறை இருக்கிறது. லிங்கராஜபுரத்தில் ஏ.பி.டி. என்ற நிறுவனம் இருக்கிறது; தாமே சக்கர நாற்காலியில் இருந்த என். எஸ். ஹேமா 1959இல் தொடங்கியது. வேலூர் சி.எம்.சி.யில் 1966இல் மறுவாழ்வு நிலையம் கண்ட டாக்டர் மேரி வர்கீஸும் 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர்தான். இந்த மூன்று இடங்களில் இரண்டை எழுப்பியவர்கள் இந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர்கள்.

பம்ப் வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசியால் மருந்து நிரப்ப வேணும். பேட்டரி சில வருஷங்களில் தீரும். மருந்து சட்டென்று நின்றால் அரிப்பு, காய்ச்சல், கடுமையான விறைப்பு, குழப்பம் வரும், உயிருக்கே ஆபத்து. பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் எடுக்கும் முன் நிரப்பும் தேதியைப் பாருங்கள். பம்ப் அட்டையைப் பர்சில் வையுங்கள். ஊருக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் நிரப்புவார்கள் என்று இங்கேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.