சுத்தியல் விழுமுன்

ஏலம் என்றால் என்ன என்று மன்னாரில் பிறந்த எவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. பேசாலையிலும் பள்ளிமுனையிலும் படகு கரை சேர்ந்ததும் மீன் நிலத்தில் கொட்டப்படுகிறது; சுற்றி நிற்பவர்கள் விலை கேட்கிறார்கள்; கடைசியாகக் கேட்டவருக்கு மீன் போகிறது. விலை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லப்படுவதால் அதில் ஒரு நேர்மை உண்டு.

ஆனால் தொலைக்காட்சியில் கிரிக்கெட் வீரர்களை ஏலம் விடும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "மனுசரையும் ஏலத்தில் போடுவதா?" என்பது அவர்கள் கேள்வி. நம் தம்பிமாரோ, "அந்தக் காசு எங்களுக்குக் கிடைத்தால் படிப்பு எதற்கு?" என்கிறார்கள். உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் மாணவி என்ற வகையில், இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேட விரும்பினேன். அந்தத் தேடலில் கிடைத்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஏலத்தில் போவது எது?

ஐ.பி.எல். என்று நாம் அழைக்கும் இந்தியன் பிரீமியர் லீக்கின் முதல் ஏலம் 2008 பெப்ரவரியில் மும்பையில் நடந்தது. அன்று மகேந்திர சிங் தோனியைச் சென்னை அணி 15 இலட்சம் அமெரிக்க டொலருக்கு எடுத்தது. இலங்கையில் லங்கா பிரீமியர் லீக் முதல் மூன்று பருவங்களில் ஏலம் இல்லாமலே வீரர்களைப் பிரித்துக்கொண்டது. நம் நாட்டில் முதல் வீரர் ஏலம் 2023 ஜூன் 14 அன்று கொழும்பில் நடைபெற்றது. அதில் டில்ஷான் மதுஷங்கவை ஜப்னா கிங்ஸ் அணி 92,000 டொலருக்கு வாங்கியது. அன்றைய உச்ச விலை அதுதான். அடுத்த ஆண்டு மதீஷ பத்திரணவின் விலை 120,000 டொலரைத் தொட்டது.

"வாங்கியது" என்று எழுதினாலும், விற்பனையாவது ஆள் அல்லர். குறிப்பிட்ட காலத்துக்கு அந்த அணிக்காக விளையாடும் உழைப்பே ஏலத்தில் போகிறது. அந்தப் பணமும் பொதுவாக வீரருக்கே சம்பளமாகச் சேருகிறது. உதைபந்தாட்டத்தில் ஒரு வீரர் கழகம் மாறும்போது செய்திகளில் வரும் பெருந்தொகை பழைய கழகத்துக்குப் போகும். கிரிக்கெட் ஏலத்தில் அப்படி இல்லை. சுதந்திரமான மனிதரை விற்பது மார்க்கத்தில் பெரும் பாவம். ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவது ஆகுமானது. பெயரால் இது ஏலமாக இருந்தாலும், தன்மையால் கூலி பேசுதலுக்கே நெருக்கமானது. எனவே பெரியவர்களின் கவலைக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

விலை எப்படி ஏறுகிறது?

ஒரு வீரருக்கு 20 கோடி வரை கொடுக்க ஓர் அணி ஆயத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவரை விரும்பும் மற்ற அணி 9 கோடியுடன் நின்றுவிட்டால், விலை 9 கோடியைச் சற்றுத் தாண்டியதும் சுத்தியல் விழுந்துவிடும். ஆக, ஏல விலை என்பது வென்றவரின் ஆசையைக் காட்டிலும் தோற்றவரின் ஆசையையே அதிகம் காட்டுகிறது. அன்று அந்த மண்டபத்தில் இரண்டாவதாக யாருக்கு அவர் தேவைப்பட்டார், அவர்கள் கையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

இதற்கு நம் வனிந்து ஹசரங்கவே சாட்சி. 2022 ஏலத்தில் பெங்களூர் அணி அவரை 10.75 கோடி இந்திய ரூபாய்க்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் 26 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2023 டிசம்பர் ஏலத்தில் அதே ஹசரங்க அடிப்படை விலையான 1.5 கோடிக்கு ஹைதராபாத் அணிக்குப் போனார். அவருடைய சுழற்பந்து ஏழில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட்டதா? இல்லை. அதற்கு அடுத்த மாதங்களில்தான் அவர் இலங்கையின் இருபதுக்கு இருபது அணிக்குத் தலைமை தாங்கி, அந்த வகைச் சர்வதேசப் போட்டிகளில் நூறாவது விக்கெட்டையும் எடுத்தார். அன்று அவருக்காகப் போட்டியிட இரண்டாவது அணி இருக்கவில்லை, அவ்வளவுதான். பின்னர் காயத்தால் அவர் விலக, அந்த இடத்துக்கு 50 இலட்சம் ரூபாய்க்கு அழைக்கப்பட்டவர் யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த். வடக்கின் பிள்ளை ஒருவர் 2024 மே மாதம் ஐ.பி.எல். மைதானத்தில் பந்துவீசியது அப்படித்தான்.

மதீஷ பத்திரணவின் கதை இதற்கு நேர்மாறு. 2022இல் காயமடைந்த ஒருவருக்குப் பதிலாக அவர் சென்னை அணிக்குள் வந்தபோது கிடைத்தது 20 இலட்சம். 2025 பருவத்துக்கு அதே அணி அவரை 13 கோடிக்குத் தக்கவைத்தது. பிறகு விடுவிக்கப்பட்டு, 2025 டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா அணிக்கு 18 கோடிக்குப் போனார்.

திறக்காத சிப்பி

நம் கரையில் மீன் ஏலத்தைவிட விசித்திரமான ஓர் ஏலம் நடந்திருக்கிறது. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்பு நடந்தபோது, அரசாங்கத்தின் பங்குச் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக மாலைவேளையில் ஏலம் விட்டார்கள். சிப்பிகள் திறக்கப்படாமலே விற்கப்பட்டன. உள்ளே முத்து இருக்கிறதா, இல்லையா என்பது வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. எல்லோரிலும் அதிகமாக நம்பியவரே அதிக விலை கேட்பார். ஆகவே ஏலத்தில் வென்றவரே நட்டப்படும் வாய்ப்பும் அதிகம். பொருளியலில் இதை "வென்றவரின் சாபம்" என்பார்கள்.

வீரரும் ஒரு திறக்காத சிப்பிதான். 2024 நவம்பரில் ஜித்தாவில் நடந்த ஏலத்தில் ரிஷப் பந்தின் விலை 20.75 கோடியில் நின்றபோது, பழைய அணியான டெல்லி அதே விலைக்கு அவரைத் திரும்பப் பெறும் உரிமையைப் பயன்படுத்த முன்வந்தது. டெல்லியை விலக வைக்க லக்னோ அணி ஒரே தாவலில் 27 கோடி என்றது. அது ஐ.பி.எல். வரலாற்றின் உச்ச விலையாயிற்று. அடுத்த பருவத்தில் பந்த் எடுத்தவை 269 ஓட்டங்கள். உடனே இரசிகர்கள் 27 கோடியை 269ஆல் வகுத்து, ஓர் ஓட்டம் எத்தனை இலட்சம் என்று கேலி செய்தார்கள். விலையைக் கேட்டது அவர் அல்லர். ஏச்சை வாங்கியது மட்டும் அவர். மனிதர் மீது விலைச்சீட்டு ஒட்டினால், அவர் சறுக்கும்போது உலகம் அந்தச் சீட்டைத்தான் வாசிக்கிறது. பெரியவர்கள் முகம் சுளித்ததன் நியாயம் இங்கே இருக்கிறது.

கூச்சலில் கேட்காத எண்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 27 கோடி என்ற எண் எல்லோர் காதிலும் விழுந்தது. அந்த ஏலத்தில் ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து 120 கோடிக்கு மேல் செலவிடக் கூடாது என்ற விதி அவ்வளவாகக் காதில் விழவில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். பத்து அணிகள், ஒவ்வொன்றுக்கும் 120 கோடி. மொத்தம் 1,200 கோடி. 2023 முதல் 2027 வரையான ஐந்து பருவங்களுக்கு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்கப்பட்டது. ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய 9,678 கோடி. போட்டிக் கட்டணம் போன்றவை தனியாக இருந்தாலும், ஏலத்தில் வீரர்களுக்குப் போகும் தொகை ஒளிபரப்பு வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுதான்.

மறிச்சுக்கட்டியில் 1905இல் பெரிய முத்துக்குளிப்பு நடந்தபோது, எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்கு. மூன்றில் ஒன்று குளித்தவர்களுக்கு. மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போனவர்களுக்கு அதுவும் போதாது என்றே நான் சொல்வேன். ஆனாலும் அன்றைய குளிகாரர் பெற்ற பங்கு மூன்றில் ஒன்று. இன்றைய வீரர்கள் ஏலத்தின் வழியே பெறுவது எட்டில் ஒன்று. மைதானம், பயணம், பயிற்சி என்று வேறு செலவுகள் இருப்பதால் இரண்டையும் சரிக்குச் சரி வைக்க முடியாது. ஆயினும் ஓர் உண்மை தெளிவாகிறது. வீரர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் என்ற தோற்றத்தைச் சுத்தியல் உண்டாக்குகிறது. மொத்தத்தில் எவ்வளவு கொடுப்பது என்பதை அதற்கு முன்பே விதி முடிவு செய்துவிடுகிறது. ஒருவருக்கு 27 கோடி போனால், அந்த அணியின் மற்ற வீரர்களுக்கு எஞ்சுவது 93 கோடி.

உச்சவரம்புக்கு நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பணக்கார முதலாளி ஒருவரே நல்ல வீரர்கள் எல்லோரையும் அள்ளிக்கொள்வார். போட்டி சுவையற்றுப் போகும். ஆனால் அந்த வரம்பை வைக்கும் மேசையில் வீரர்களுக்கும் நாற்காலி இருக்க வேண்டும் அல்லவா?

வீரரால் "இல்லை" என்று சொல்ல முடியுமா?

ஏலத்துக்குப் பெயர் கொடுப்பதும் அடிப்படை விலையைத் தெரிவதும் வீரரின் விருப்பம். எந்த அணி, எந்த ஊர், எந்தப் பயிற்றுநர் என்பவற்றில் அவருக்குத் தெரிவு இல்லை. எடுக்கப்பட்ட பின் தகுந்த காரணமின்றி விலகினால் இரண்டு பருவங்கள் தடை. 2025இல் விலகிய இங்கிலாந்தின் ஹரி புரூக் இந்தத் தடைக்கு உள்ளானார். ஒப்பந்தத்தை மதிக்க வேண்டும் என்பது சரியே. ஆனால் அந்தக் கடமை இரு பக்கத்துக்கும் பொதுவானது. கொச்சி அணி 2011இல் ஒரே பருவத்துடன் நீக்கப்பட்டது. தங்கள் சம்பளத்தில் 35 சதவீதம் இன்னும் வரவில்லை என்று அவுஸ்திரேலிய வீரர் பிராட் ஹொட்ஜ் 2021இல் பகிரங்கமாகச் சொன்னார். 2025 ஜனவரியில் பங்களாதேஷ் பிரீமியர் லீக்கில் ராஜ்ஷாஹி அணி வீரர்கள் சம்பளம் கிடைக்காததால் பயிற்சியைப் புறக்கணித்தார்கள். ஏலத்தில் கேட்ட விலை கைக்கு வரும்வரை வெறும் ஓசைதான்.

சமரி அத்தபத்துவின் பாடம்

பெண்களுக்கான இந்திய லீக்கின் முதல் ஏலம் 2023 பெப்ரவரியில் நடந்தது. ஓர் அணிக்கு 12 கோடி வரம்பு. அதே ஆண்டு ஆண்கள் அணிக்கு 95 கோடி. இங்கும் கணக்குப் பார்த்தேன். ஐந்து அணிகளின் 60 கோடி, ஒரு பருவ ஒளிபரப்பு வருமானமான ஏறத்தாழ 190 கோடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வருகிறது. விகிதத்தில் பெண்கள் தாழவில்லை; அவர்களுக்கு முன் வைக்கப்பட்ட சஹன்தான் சிறியது.

அந்த ஏலத்தில் நம் அணித்தலைவி சமரி அத்தபத்துவை ஒருவரும் கேட்கவில்லை. அதே ஆண்டு ஒருநாள் துடுப்பாட்டத் தரவரிசையில் அவர் உலகின் முதலிடத்துக்கு வந்தார். அவுஸ்திரேலிய மகளிர் லீக்கிலும் தெரிவுக்கு வெளியே நின்று, மாற்று வீராங்கனையாகவே உள்ளே சென்றார். சென்று, தொடரின் சிறந்த வீராங்கனை விருதைப் பெற்றார். இத்தனைக்கும் பிறகு 2023 டிசம்பர் இந்திய ஏலத்திலும் அவர் விலை போகவில்லை. ஒருவர் விலகிய பிறகே 30 இலட்சத்துக்கு அழைத்தார்கள். சந்தை கண் மூடியிருந்த அத்தனை நாளும் அவருடைய மட்டை ஓட்டம் எடுத்துக்கொண்டே இருந்தது. விலை வேறு, பெறுமதி வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

பெற்றோருக்கும் தோழியருக்கும்

படிப்பை விட்டுவிட்டுப் பந்தை எடுக்கத் துடிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொரு கணக்கு. ஜித்தா ஏலத்துக்குப் பெயர் கொடுத்தோர் 1,574 பேர். இறுதிப் பட்டியலில் 577 பேர். எடுக்கப்பட்டோர் 182 பேர். பெயர் கொடுத்தவர்களே நாடுகளின் சிறந்த வீரர்கள். அவர்களில்கூட ஒன்பது பேருக்கு ஒருவர்தான் தேறினார். அதே ஏலத்தில் 13 வயதான வைபவ் சூரியவன்ஷிக்கு 1.10 கோடி கிடைத்ததை மட்டும் தம்பிமார் பார்க்கிறார்கள். விளையாடட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் உயர்தரப் பரீட்சையையும் எழுதிவிட்டு விளையாடட்டும்.

இந்த ஏலங்களைப் பார்த்து நான் கற்றுக்கொண்டவை மூன்று கேள்விகள். இந்தப் பணம் உழைப்பவர் கையில் சேருகிறதா? உச்சவரம்பை வைத்தவர் யார்? "வேண்டாம்" என்று சொல்ல உழைப்பவருக்கு வழி இருக்கிறதா? இவை கிரிக்கெட்டுக்கு மட்டுமான கேள்விகள் அல்ல. வளைகுடா நாட்டு வேலைக்கு முகவர் வீடு தேடி வந்து ஒரு தொகையைச் சொல்லும்போது, நம் ஊரில் எத்தனை தாய்மார் அந்தத் தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறார்கள்! முகவருக்கு எவ்வளவு, கடவுச்சீட்டு யார் கையில், இடையில் திரும்பி வர முடியுமா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? நாளை நாமும் ஏதோ ஒரு வேலைக்கு ஒப்பமிடப் போகிறவர்கள். சொல்லப்படும் விலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பேனாவை எடுக்குமுன் இந்த மூன்றையும் கேட்டுவிடுவோம்.