மலையில் காய்ச்சிய கறுப்பு பீர்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1 அன்று, அப்போது மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, தான் பிறந்த மாவட்டத்திலேயே அதைத் தொடங்கிவைத்தார். தருமபுரி அன்றைக்குச் சேலத்துக்குள் அடங்கியிருந்தது. தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965-ல். ஆகவே கள்ளுக்கடைகள் முதலில் பூட்டப்பட்ட ஊர்களின் கூட்டத்தில் தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளிப் பக்கமும் உண்டு. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. கள் போனது, பிறகு திரும்பி வந்தது, மறுபடியும் போனது. வரி மட்டும் அசையவே இல்லை. இத்தனைக்கும் நல்லம்பள்ளியை ஒட்டி இருப்பது அதியமான்கோட்டை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று ஔவையார் புறநானூற்றில் நினைத்து அழுத அதியமானின் பெயர் தாங்கிய ஊர்.

இன்று அதே ஊர் வழியாகக் காஷ்மீர்–கன்னியாகுமரி நெடுஞ்சாலை ஓடுகிறது. வடக்கே சுமார் 140 கிலோமீட்டர் போனால் பெங்களூரு. தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் ஏராளமானோர் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். பெங்களூரில் 2010-க்குப் பிறகு, பீரை அந்தந்தக் கடையிலேயே காய்ச்சிக் குழாயில் பிடித்துத் தரும் இடங்கள் பெருகிவிட்டன. மெனு அட்டையில் பொன்னிறம், கோதுமை என்று வரிசையாகப் போய், கடைசியில் கறுப்பாக ஒன்று இருக்கும்: ஸ்டவுட். முதல் மடக்கிலேயே பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். கருகின வாடை, கசப்பு, ஏதோ கஷாயம் என்கிறார்கள். மீதிப் பேர் அப்புறம் வேறு எதையும் கேட்பதில்லை.

இந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை ராகி விளையும் மண்ணில் விளக்குவது சுலபம். ராகியை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, காயவைத்து, வறுத்து அரைப்பதைப் பார்க்காத வீடு தருமபுரிப் பக்கம் இருக்காது. பார்லிக்கும் அதே பாடுதான். முளைவிடும்போது தானியத்துக்குள் நொதிகள் விழித்துக்கொள்கின்றன; வெந்நீரில் ஊறும்போது அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்கூம்பு கசப்பு சேர்க்கிறது. எல்லாப் பீருக்கும் இதுவரை ஒரே கதை. ஸ்டவுட்டிலோ தானியத்தில் ஒரு சிறு பங்கை, பெரும்பாலும் பத்தில் ஒன்றோ அதற்கும் குறைவோ, 200 டிகிரி செல்சியசைத் தாண்டி வறுக்கிறார்கள். அந்தச் சிறு பங்குதான் பானை முழுவதையும் கறுப்பாக்குகிறது.

லண்டனில் 18-ஆம் நூற்றாண்டில் சுமைதூக்கிகள் விரும்பிக் குடித்த போர்ட்டர் என்ற பழுப்பு பீரின் வலுவான பங்காளிதான் ஸ்டவுட். அந்தக் காலத்தில் தானியத்தை ஒரே சீராகக் கறுக்க வறுக்கத் தெரியாது. தீய்ந்துபோகும், சில வேளை தீப்பிடிக்கும். நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரையைக் கலந்தவர்களும் உண்டு. 1817-ல் டேனியல் வீலர் என்பவர் காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போன்ற இரும்பு உருளையில் மால்ட்டை, அதாவது முளைவிட்டுக் காயவைத்த பார்லியை, வறுத்து, அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய கறுப்பு அன்றைக்குப் பிறந்தது. ஸ்டவுட்டில் காப்பி மணக்கிறது என்று ருசி பார்ப்பவர்கள் சொல்வதில் மிகை இல்லை. காப்பிக்கொட்டையிலும் பார்லியிலும் சூட்டில் நடக்கும் வேதிமாற்றம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது.

டப்ளினில் 1759-ல் ஆர்தர் கின்னஸ் ஓர் ஆலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகைக்கு, 9,000 ஆண்டுக் குத்தகையாக எடுத்தார். அந்த நிறுவனத்தின் பெயர்தான் உலகம் முழுக்க ஸ்டவுட்டுக்கே பெயராகிவிட்டது. ஆனால் தமிழர்களுக்கு அயர்லாந்தைவிட மிகப் பக்கத்தில் ஒரு ஸ்டவுட் இருக்கிறது.

நுவரெலியா, இலங்கையின் மலையகத்தில் ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1849-ல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் அங்கே ஒரு சிறிய பீர் ஆலை தொடங்கினார். பின்னாளில் நைல் நதியின் ஊற்றுக்கண்ணைத் தேடி ஆப்பிரிக்கா போய், 1864-ல் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு உலகுக்குச் சொன்ன அதே பேக்கர். அப்போது அந்த மலைகளில் தேயிலை இல்லை, காப்பித் தோட்டங்கள். 1869-ல் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பியை அழித்த பிறகே தேயிலை மலைகளை மூடியது. இரண்டு பயிருக்கும் முதுகு கொடுத்தவர்கள் திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள். ஆலை நுவரெலியாவில் அமைந்ததற்குக் காரணம் எளிது. குளிர்பதனப் பெட்டி வராத காலத்தில் ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்யக் குளிர்ச்சி வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், குடிக்கத் துரைமார்கள் வேண்டும். மூன்றும் மலையில் இருந்தன. நீலகிரியில் கேசில் புரூவரி போன்ற ஆலைகள் முளைத்ததும் இதே கணக்கில்தான். தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய ஆலைகளை ஒன்றாக்கி 1915-ல் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது அதில் நீலகிரி ஆலையும் சேர்ந்தது. நீலகிரியில் ஆலை மறைந்தது. நுவரெலியாவில் பெயர் நிலைத்தது.

அந்தப் பெயர் லயன் ஸ்டவுட். சிங்கம் போட்ட லேபிள், கறுப்புத் திரவம், எட்டு விழுக்காட்டை ஒட்டிய சாராயச் சத்து. இன்று அது காய்ச்சப்படுவது மலையில் இல்லை. 1990-களின் இறுதியில் உற்பத்தி கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் கட்டிய பெரிய ஆலைக்கு இறங்கிவிட்டது. அதை உலகப் பீர் வரைபடத்தில் ஏற்றியவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் இல்லை, ஆங்கிலேய எழுத்தாளர். 1942-ல் பிறந்து 2007-ல் மறைந்தவர். பீரை வகை பிரித்து, ஊர் ஊராகப் போய், திராட்சை மதுவுக்குச் சமமான அக்கறையுடன் எழுதலாம் என்று 1977-ல் வந்த தன் உலகப் பீர் வழிகாட்டியில் காட்டியவர். நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் போய், மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இறைத்துக் கொடுத்த அந்த ஸ்டவுட்டைக் குடித்துப் புகழ்ந்து எழுதினார். தமிழ் பேசும் மலைகளில் நெடுங்காலமாகக் கிடந்த ஒரு பானத்தின் ருசியை எழுத்தில் பதிய யார்க்‌ஷயரிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் வெட்கத்துடன்தான் சொல்ல வேண்டும்.

வெயில் நாட்டில் இவ்வளவு கனமான பீர் எப்படி ஒட்டிக்கொண்டது? கப்பல்தான் காரணம். மாதக்கணக்கான கடல் பயணத்தில் கெடாமல் இருக்க, ஏற்றுமதி ஸ்டவுட்டில் ஹாப்ஸையும் சாராயச் சத்தையும் கூட்டினார்கள். ஜமைக்கா, நைஜீரியா, மலாயா, இலங்கை என்று போன இடமெல்லாம் அந்த வலுவான ருசி பழகிப்போனது. பிறகு உள்ளூர் ஆலைகள் அதைக் கரும்புச் சர்க்கரை சேர்த்து இனிப்பாக்கின. அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பு 2015-ல் வெளியிட்ட வகைப் பட்டியலில் இதற்கு ‘டிராப்பிகல் ஸ்டவுட்’ என்று தனி இடமே கொடுத்தது. எடுத்துக்காட்டுகளாக ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட்டோடு லயன் ஸ்டவுட்டும் அதில் நிற்கிறது. மலாயாவில் கின்னஸ் வேறொரு அவதாரம் எடுத்தது. லண்டனில் அதைப் பாட்டிலில் அடைத்த ரீட் பிரதர்ஸ் லேபிளில் புல்டாக் தலையைப் போட, மக்கள் அதைக் ‘கறுப்பு நாய்’ என்றே கேட்டு வாங்கினார்கள். உடம்புக்குத் தெம்பு என்றும் நம்பினார்கள்.

தெம்பு கதையை இங்கேயே முடித்துவிடலாம். ஸ்டவுட்டில் இரும்புச்சத்து சொல்லும்படி இல்லை. ‘உங்களுக்கு நல்லது’ என்ற பேச்சு 1929-ல் கின்னஸ் தொடங்கிய விளம்பரத்தால் பரவியது. கறுப்பாக இருப்பதால் கனம் என்பதும் தவறு: குழாயில் வரும் கின்னஸில் சாராயச் சத்து 4.2 விழுக்காடுதான், பல மஞ்சள் பீர்களைவிடக் கலோரியும் குறைவு. மாறாக, எட்டு விழுக்காட்டு ஸ்டவுட்டின் ஒரு 330 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 21 கிராம் சாராயம் இருக்கிறது. 568 மில்லி கின்னஸில் இருப்பதைவிட இது அதிகம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் மது இருக்கிறது என்பதும் நிறம் பார்த்து மாறாது. அதனாலேயே ருசி பார்ப்பது என்றால் நூறு மில்லிக்கு மேல் ஊற்றத் தேவையில்லை.

இனி ருசிக்கு வரலாம். பெரும்பாலான ஸ்டவுட்டுகள் குளிரில் கொல்லப்படுகின்றன. நம் வெயிலுக்குப் பல் கூசும் குளிர்ச்சி தேவையாகத் தெரியும். ஆனால் நாலு டிகிரியில் நாக்கு மரத்துப்போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும். வலுவான ஸ்டவுட்டுக்குப் பத்து முதல் பதின்மூன்று டிகிரி சரி. சித்திரை மாதத்து நல்லம்பள்ளியில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் கால் மணி நேரத்தில் தானாக அங்கே வந்துவிடும். கிளாஸில் சோப்பு மிச்சம் இருக்கக் கூடாது, நுரை நிற்காது. ஊற்றியதும் கிளாஸை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்க்க வேண்டும். கறுப்பு என்று நினைத்த பானம் ஓரத்தில் மாதுளைச் சிவப்பாகத் தெரியும். நுரை வெளிர் பழுப்பு. கின்னஸ் போன்றவற்றில் குமிழிகள் கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்குவது தெரியும். நடுவில் மேலே ஏறும் குமிழிகள் திரவத்தை இழுத்துக்கொண்டு போக, அது ஓரமாகக் கீழே திரும்புகிறது. கரியமில வாயுவோடு நைட்ரஜனைச் சேர்த்து அந்த வெண்ணெய் போன்ற நுரையை 1959-ல் சாத்தியமாக்கியவர் மைக்கேல் ஆஷ் என்ற கணிதப் பட்டதாரி.

மூக்குதான் முதலாளி. கிளாஸைச் சுழற்றி, குறுகிய இழுப்பாக முகர்வது நல்லது. நீண்ட இழுப்பில் மூக்கு சீக்கிரம் சோர்ந்துவிடும். பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரப்பி, விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும். பாதி வாசனை அந்த மூச்சில்தான் பிடிபடும். திராட்சை மதுவைத் துப்பிவிட்டு மதிப்பிடுகிறார்கள்; பீரில் கசப்பின் முடிவு தொண்டையில் தெரிவதால் விழுங்கித்தான் ஆக வேண்டும்.

லயன் ஸ்டவுட்டை இப்படிக் குடித்தால் முதலில் வருவது வறுத்த காப்பி, அடுத்து கறுப்புச் சாக்லேட். ஆங்கில விமர்சனங்கள் அதற்குப் பிறகு உலர் திராட்சை, மொலாசஸ் என்று போகும். தமிழ் நாக்குக்கு அந்த இடத்தில் பனங்கருப்பட்டி இருக்கிறது: இனிப்பு, அடியில் மெல்லிய புகை, கடைசியில் ஒரு துளி துவர்ப்பு. வெளியூர்ச் சொல்லை மனப்பாடம் செய்வதைவிட, தன் வீட்டு அடுப்பில் அறிந்த வாசனையைச் சொல்லும் விமர்சனமே இங்கே படிப்பவருக்குப் பயன்படும். வாயில் எண்ணெய்ப் பசை போன்ற வழவழப்பு. விழுங்கிய பின் இனிப்பு விலகிக் கசப்பு நிற்கும். டப்ளின் பாணி ஸ்டவுட் இதற்கு நேர் எதிர்: மெலிசு, வறட்சி, சர்க்கரை இல்லாத டிக்காஷன். பால் சர்க்கரை சேர்த்த மில்க் ஸ்டவுட் இனிப்பின் பக்கம் சாயும். ஒன்றின் குணத்தை இன்னொன்றின் குறையாக எழுதுவது புதிதாக விமர்சிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

உண்மையான குறைகள் வேறு. சாம்பலைக் கடித்தது போன்ற கரிப்பு என்றால் வறுவல் மிஞ்சிவிட்டது. ஈர அட்டைப் பெட்டி வாடை என்றால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. ஸ்டவுட் மிகவும் பழசானால் சோயா சாஸ் வீசும். வெண்ணெய் வாடை பெரும்பாலும் நொதித்தல் முழுமையாக முடியாததன் அடையாளம். அந்தச் சான்றிதழ் அமைப்பின் நடுவர்கள் போடும் 50 மதிப்பெண்ணில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் தன்மைக்கு 5, மொத்த அனுபவத்துக்கு 10. கறுப்பைப் பார்த்து மயங்குபவர்கள் அந்த 3-ஐக் கவனிக்க வேண்டும்.

மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கும் ஸ்டவுட் ஆலைதான் அடித்தளம் போட்டது. கின்னஸில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு நம்பகமான முடிவுக்கு வருவது எப்படி என்று கணக்குப் போட்டார். ஆலை ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதால் 1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். இன்று புள்ளியியல் படிக்கும் ஒவ்வொருவரும் கற்கும் டி-சோதனை அதிலிருந்து வந்தது.

பீர் ஆலைகள் தம் ருசியாளர்களையே சோதிக்கும் முறை ஒன்று இருக்கிறது, வீட்டிலும் செய்யலாம். ஒரே மாதிரியான மூன்று கிளாஸ்கள். இரண்டில் ஒரு ஸ்டவுட், மூன்றாவதில் இன்னொன்று. ஊற்றுபவர் வேறு, குடிப்பவர் வேறு. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்காமல் இருக்கக் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், இடையில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் வேண்டும். எது வேறு என்று மட்டும் சொன்னால் போதும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும். தொடர்ந்து ஐந்து முறை அப்படிச் சரியாக வர 243-ல் ஒரு வாய்ப்புதான். இரண்டு ஸ்டவுட்டை இந்தச் சோதனையில் பிரித்துச் சொல்ல முடியாதவர், ஒன்றுக்கு 38-ம் இன்னொன்றுக்கு 44-ம் போட்டு எழுதும் விமர்சனத்தைத் தயங்காமல் தள்ளிவிடலாம்.