தையல் புண்ணில் சீழ் வைத்தால் குழந்தையைத் தூக்கலாமா?

காரிமங்கலத்தில் சிசேரியன் முடிந்து வீடு திரும்பிய தாய்க்குத் தையல் சிவந்து சீழ் வைத்தால், முதல் பயம் குழந்தையைப் பற்றித்தான்: பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

ஏன் சீழ் வைக்கிறது? அடிக்கடி காரணமாவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஏறக்குறைய பத்தில் மூன்று பேரின் மூக்கில் இது தீங்கு செய்யாமல் குடியிருக்கிறது. வெட்டுப்பட்ட தோல் வழியாக நுழைந்தால் பெருகுகிறது. அதை எதிர்த்து மடிந்த வெள்ளையணுக்களே சீழாகத் திரள்கின்றன. 1880இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் சீழில் இந்தக் கிருமிகளைக் கண்டார்.

எப்படிப் பரவுகிறது? பெரும்பாலும் கை, துண்டு, படுக்கை விரிப்பு வழியாக. உலர்ந்த துணியிலும் இது பல நாள் உயிரோடு இருக்கும்.

ஆகவே கையும் துணியும் சுத்தமாக இருந்தால் குழந்தையைத் தூக்கலாம். புண்ணைக் கட்டுப்போட்டு மூடியிருக்க வேண்டும். தூக்கும் முன்பும், கட்டைத் தொட்ட பின்பும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். துண்டு தனியாக இருக்கட்டும். மார்பில் புண் இல்லையென்றால் பொதுவாகத் தாய்ப்பால் தரலாம்; பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லி மாத்திரை வாங்குங்கள்.

வலி குறைந்ததும் மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள். கிருமி மருந்துக்குப் பழகிவிடக்கூடும்; இதே பாக்டீரியாவில் பல மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. வகை 1961லேயே இங்கிலாந்தில் தலைகாட்டிவிட்டது. காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, பிள்ளையின் தோலில் கொப்புளம் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.