கேம் விக்கிக்குப் படமும் மொழிபெயர்ப்பும் தருகிறீர்களா? உங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மைன்கிராஃப்ட்டில் ஒரு பொருளை எப்படிச் செய்வது என்று சந்தேகம் வந்தால், ஆடுபவர்கள் முதலில் திறப்பது ரசிகர்கள் எழுதிய விக்கியைத்தான். அதிலுள்ள படங்கள், அட்டவணைகள், விளக்கங்கள், பிறமொழிப் பக்கங்கள் எல்லாம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்காதவர்கள் கண்விழித்துச் சேர்த்தவை. நம் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பைத் தமிழில் ஆட முடிவதே, க்ரவுடின் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் ஆர்வலர்கள் உழைத்ததால்தான். ஆனால் பதிவேற்றும் பொத்தானை அழுத்துகிறவர்களில் பலர், எதற்குச் சம்மதம் தருகிறோம் என்று படித்துப் பார்ப்பதில்லை. சிக்கல் வந்த பிறகுதான் விதிகளைத் தேடுகிறார்கள்.

படம் யாருடையது?

ஸ்கிரீன்ஷாட் எடுத்தது நீங்கள் என்பதால் அது முழுக்க உங்களுடையது ஆகிவிடாது. அதில் தெரியும் உருவங்கள், காட்சிகள், எழுத்து எல்லாம் கேம் நிறுவனத்தின் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. பல நிறுவனங்கள் ரசிகர்களுக்கு நிபந்தனையுடன் அனுமதி தருகின்றன. மைக்ரோசாஃப்ட் தன் கேம்களின் படங்களைப் பயன்படுத்தத் தனி விதிகள் வைத்திருக்கிறது. நின்டெண்டோ 2018-ல் இப்படியொரு வழிகாட்டுதலை வெளியிட்டது. எந்தக் கேமின் படத்தை ஏற்றுகிறீர்களோ, அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டு ஏற்றுங்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 52-வது பிரிவு, திறனாய்வு, விமர்சனம் போன்ற தேவைகளுக்கு நியாயமான அளவில் பிறர் படைப்பைப் பயன்படுத்த இடம் தருகிறது. எது நியாயமான அளவு என்பதை வழக்குக்கு வழக்கு நீதிமன்றமே முடிவு செய்யும். ஒரு கதாபாத்திரத்தை விளக்க ஒரு படம் போடுவது வேறு. விலைக்கு விற்கும் ஓவியப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றுவது வேறு. தெரிந்தே செய்யும் உரிமை மீறலுக்கு 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக லாபத்துக்காகச் செய்யாத நிலையில், காரணத்தைப் பதிவு செய்து நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம்.

நீங்களே வரைந்த வரைபடம், உங்கள் சொந்த நடையில் எழுதிய விளக்கம் ஆகியவற்றுக்கு நீங்கள்தான் உரிமையாளர். மற்றொரு ரசிகர் வரைந்த ஓவியத்தை இணையத்தில் எடுத்து ஏற்றினால், அந்த ரசிகரின் உரிமையை நீங்கள் மீறுகிறீர்கள். முதலில் அவரிடம் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பில் எது கூடும்?

மொழிபெயர்க்கும் உரிமையும் மூலப் படைப்பின் பதிப்புரிமையாளருக்கே உரியது என்கிறது சட்டத்தின் 14-வது பிரிவு. ஆகவே எதை மொழிபெயர்க்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேறொரு மொழி விக்கியின் கட்டுரையை, அதன் உரிமம் அனுமதிக்கும்பட்சத்தில், மூலப் பக்கத்தைச் சுட்டிவிட்டுத் தாராளமாக மொழிபெயர்க்கலாம். கேமின் கதையை உங்கள் வார்த்தையில் சுருக்கி எழுதலாம். மொத்த வசனத்தையும் வரி விடாமல் மொழிபெயர்த்துப் போடுவதற்கு மட்டும் நிறுவனத்தின் அனுமதி தேவை. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுவதைப் பல விக்கிகள் தடை செய்திருக்கின்றன. ஒட்டினால் பக்கம் நீக்கப்படலாம், கணக்குக்கும் தடை வரலாம்.

கொடுத்ததைத் திரும்பப் பெற முடியுமா?

பெரும்பாலான விக்கிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இயங்குகின்றன. பல ரசிகர் விக்கிகள் இயங்கும் ஃபேண்டம் தளத்தின் பொது விதி இது: யாரும் பயன்படுத்தலாம், எழுதியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றி எழுதினால் அதையும் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும். மைன்கிராஃப்ட் விக்கி போன்ற சில, வணிகப் பயன்பாடு கூடாது என்பதையும் சேர்த்திருக்கின்றன. அந்த நிபந்தனை இல்லாத விக்கியில் நீங்கள் எழுதியதை ஒருவர் புத்தகமாக அச்சிட்டு விற்றாலும், பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டிருந்தால் அது சட்டப்படி சரி.

இந்த உரிமத்தால் உங்கள் பதிப்புரிமை கைமாறுவதில்லை. ஆனால் ஒருமுறை தந்த அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியாது. இதன் நன்மை, தீமை இரண்டும் 2023 செப்டம்பரில் கண்ணெதிரே தெரிந்தன. விளம்பரங்களும் தளத்தின் போக்கும் பிடிக்காமல் மைன்கிராஃப்ட் விக்கியின் பங்களிப்பாளர்கள் ஃபேண்டத்தை விட்டு வெளியேறி, தனி முகவரியில் புது விக்கி தொடங்கினார்கள். ரூன்ஸ்கேப் என்ற கேமின் விக்கியினர் 2018-லேயே இந்த வழியில் போயிருந்தார்கள். திறந்த உரிமம் இருந்ததால்தான் அத்தனை ஆண்டு உழைப்பையும் உடன் எடுத்துச் செல்ல முடிந்தது. அதே உரிமத்தின் பலத்தில் பழைய பிரதியும் ஃபேண்டத்தில் அப்படியே நின்றது. எழுதியவர்களே கேட்டாலும் அதை அகற்றவைக்க வழியில்லை.

கவனிக்காமல் விடும் ஆபத்துகள்

கேம் பெட்டியையோ கார்டையோ போனில் படமெடுத்து ஏற்றும்போது, படக் கோப்புக்குள் எடுத்த தேதி, போன் மாடல், லொகேஷன் ஆன் செய்திருந்தால் இடம் என எல்லாம் பதிந்திருக்கும். மீடியாவிக்கி மென்பொருளில் இயங்கும் விக்கிகளில் இந்த விவரங்கள் கோப்புப் பக்கத்தின் அடியில் அட்டவணையாகவே காட்டப்படும். உங்கள் வீடு இருக்கும் இடத்தை முன்பின் தெரியாதவர் அங்கே படித்துவிடலாம். சரிசெய்த படத்தை அதன் மேலேயே ஏற்றினாலும் போதாது. பழைய படம் கோப்பு வரலாற்றில் அப்படியே இருக்கும். அட்மினிடம் சொல்லிப் பழைய பதிப்பை நீக்கச் செய்தால்தான் மறையும்.

ஸ்கிரீன்ஷாட்டில் மேலே வந்து விழும் வாட்ஸ்அப் செய்தி, சாட் பெட்டியில் தெரியும் நண்பர்களின் பெயர் இவற்றை வெட்டிவிட்டு ஏற்றுங்கள். பல விக்கிகளில் லாகின் செய்யாமல் திருத்தினால் உங்கள் ஐபி முகவரி எல்லோருக்கும் தெரியும். ரகசிய ஒப்பந்தம் ஏற்று பீட்டா சோதனையில் சேர்ந்தவர்கள், வெளியீட்டுக்கு முன் படம் ஏற்றினால் அது ஒப்பந்த மீறல். பதிப்புரிமைப் புகார் வந்திருப்பதாகச் சொல்லி பாஸ்வேர்டு கேட்கும் மின்னஞ்சல் எதுவானாலும் மோசடிதான். அதில் ஏமாந்து பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

பிரச்சினை வந்தால் என்ன செய்வது?

உங்கள் படம் நீக்கப்பட்டால் நீக்கல் பதிவில் காரணத்தைப் பாருங்கள். மூலம், உரிமம் குறிப்பிடாததே காரணமாக இருந்தால், அட்மினின் பேச்சுப் பக்கத்தில் விவரம் தந்து மீட்கக் கேளுங்கள்.

உங்கள் மொழிபெயர்ப்பைப் பெயர் போடாமல் ஒரு தளம் எடுத்துக்கொண்டால், முதலில் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விக்கியின் வரலாற்றுப் பக்கத்தில் உங்கள் பயனர் பெயர், தேதி, நேரம் எல்லாம் இருக்கின்றன; அதுதான் உங்கள் சான்று. பெயர் சேர்க்கும்படி எழுதுங்கள். மறுத்தால் தளத்துக்கு எழுத்துபூர்வமாகப் புகார் தரலாம். இந்திய விதிகளின்படி, முறையான புகார் கிடைத்து, உரிமை மீறல் என்று தளம் ஏற்றுக்கொண்டால் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு பெறாவிட்டால் தளம் அதை மீண்டும் திறந்துவிடலாம். படைப்பாளியாக அறியப்படும் உரிமையை, பதிப்புரிமையை விற்ற பிறகும் 57-வது பிரிவு காக்கிறது.

உங்கள் மேலேயே புகார் வந்தால், தவறு உங்களுடையது எனில் படத்தை அகற்றிவிடுங்கள். புகார் பொய்யானால் அமெரிக்காவின் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி எதிர் அறிவிப்பு தரலாம். எதிர்த்தரப்பு வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களில் படம் திரும்ப வரும். ஆனால் அந்த அறிவிப்பில் உங்கள் நிஜப் பெயர், முகவரி, போன் எண் தந்து, அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்பையும் ஏற்க வேண்டும். வழக்கறிஞரிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

நிறுவனம் ஏதாவது உங்கள் மொழிபெயர்ப்பை விலைக்குக் கேட்டால் வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்றே சட்டம் கொள்ளும்.

பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளின் இந்த ஆர்வத்தை வெட்டிவேலை என்று தள்ள வேண்டாம். எழுத்தும் மொழியும் வளரும் இடம் அது. கூட உட்கார்ந்து இந்த விதிகளைச் சொல்லிக் கொடுங்கள். விக்கியில் எழுதும் நண்பர்களே, உங்கள் பழைய பதிவேற்றப் பட்டியலை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்: மூலம் எழுதாத படங்களுக்கு மூலம் எழுதுங்கள், இடம் காட்டும் படங்களை நீக்கச் சொல்லுங்கள், பிறருடையதைப் பிறருக்கே விடுங்கள். அதன்பின் தயங்காமல் எழுதுங்கள்.