கடலைத் தாண்டிய பருத்திப் பட்டை!

ஆரணியில் தறி ஓடுகிறது. பட்டுச் சேலை வளர்கிறது. யாரோ ஒரு பெண்ணின் கல்யாணச் சேலை அது!

சேலை ஆரணிச் சேலைதான். ஆனால், பட்டு நூல் கர்நாடகத்தில் இருந்து வருகிறது. ஜரிகை, குஜராத்தில் உள்ள சூரத் நகரில் இருந்து வருகிறது.

அந்த நூல் வராவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு எரியாது.

இதே கதி ஒரு காலத்தில் இங்கிலாந்துக்கே வந்தது. அதை ஒரு தேசப்படம் அழகாகக் காட்டுகிறது.

படம் வரைந்த கிழவர்

அதை வரைந்தவர் சார்ல் மினார் என்ற பிரெஞ்சு என்ஜினீயர். 1781-ல் பிறந்தவர். 1866-ல் இந்தப் படத்தை வெளியிட்டார். தள்ளாத வயது!

ஐரோப்பாவுக்குப் பருத்தி எங்கே இருந்து வந்தது என்பதை 1858, 1864, 1865 ஆகிய 3 ஆண்டுகளுக்கும் தனித்தனியே வரைந்தார்.

அவர் வெறும் கோடு போடவில்லை. வர்ணப் பட்டை தீட்டினார். சரக்கு அதிகம் என்றால் பட்டை அகலம். சரக்கு குறைவு என்றால் பட்டை ஒல்லி. எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்!

நீலப் பட்டை, அமெரிக்கப் பருத்தி. ஆரஞ்சுப் பட்டை, இந்தியப் பருத்தி.

1858 படத்தில் நீலம் ஆறு போல ஓடுகிறது. 1864 படத்தில் அது சுருங்கிவிட்டது. ஆரஞ்சுப் பட்டை வீங்கி நிற்கிறது.

ஏன் இந்த மாற்றம்?

யுத்தம் மூண்டது

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. தென்பகுதித் துறைமுகங்களை லிங்கன் அரசாங்கம் முற்றுகை இட்டது. பருத்தி வெளியே வரமுடியவில்லை.

இங்கிலாந்தில், லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள்.

வியாபாரிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறக்கப்பட்டது 1869-ல்தான். ஆகவே கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. ஆரஞ்சுப் பட்டையும் அப்படியே சுற்றிப் போகிறது!

பருத்தி விலை மளமளவென்று ஏறியது. பம்பாயில் பணம் புரண்டது. ஆனால், நம் நாட்டுக் கைத்தறி நெசவாளி நூல் வாங்க முடியாமல் திண்டாடினான்.

1865-ல் யுத்தம் முடிந்தது. விலை சரிந்தது. பம்பாய் வியாபாரிகள் பலர் திவால் ஆனார்கள். கடன் வாங்கிய விவசாயிகள் தவித்தார்கள். 1875-ல், பூனா வட்டாரத்தில் விவசாயிகள் திரண்டு, வட்டிக்கடைக்காரர்களின் கடன் பத்திரங்களைத் தீயில் போட்டார்கள்!

மினாரின் படத்தில் இந்த மனிதர்கள் யாரும் தெரியவில்லை. சரக்குதான் தெரிகிறது.

கல்லில் ஒரு பெயர்

ஆரணிக்கு அருகே திருமலை என்ற சமணக் குன்று இருக்கிறது. அங்கே, பாறையில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறக்குறைய 1,000 ஆண்டுப் பழமை உடையது.

நன்னப்பயன் என்ற வியாபாரியின் மனைவி சாமுண்டப்பை, கோவிலில் அணையாவிளக்கு எரிய 20 காசு கொடுத்தாள் என்று அது சொல்லுகிறது.

அந்த வியாபாரி என்ன சரக்கு விற்றான் என்று கல்வெட்டு சொல்லவில்லை. அவன் மனைவியின் பெயரைச் சொல்லுகிறது.

சரக்குப் போன வழியைப் படம் காட்டும். அந்தச் சரக்கை நம்பி வாழ்ந்தவர்களை நாம்தான் நினைத்துப் பார்க்கவேண்டும்.