உங்களுக்குத் தெரியுமா? கேட்ட விலையே சாட்சி!

பிரபல நிறுவனத்தின் இணைய முகவரியை ஓர் எழுத்து பிசகாகப் பதிவு செய்துவைத்து, அதை அந்த நிறுவனத்திடமே லாபத்துக்கு விற்க முயன்றால், கேட்ட விலையே விற்பவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் (ICANN) அமைப்பு 1999-இல் வகுத்த டொமைன் பெயர்த் தகராறு விதி அப்படித்தான் சொல்கிறது. தோற்றால் பெயர் கைவிட்டுப் போகும். ஒரு பைசா வராது.

• அமெரிக்காவில் அடி இன்னும் பலம். அங்கே அதே 1999-இல் வந்த சட்டப்படி, ஒரு பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு விதிக்கலாம். ஃபேஸ்புக்கின் பெயரைத் திரித்துப் பதிவு செய்த நூற்றுக்கும் மேற்பட்ட முகவரிகளுக்காக 2013-இல் விதிக்கப்பட்ட தொகை சுமார் 28 லட்சம் டாலர்!

• குழந்தைகள் தேடும் தளங்களின் பெயர்களை எழுத்து மாற்றிப் பதிவு செய்து, வந்தவர்களை ஆபாசப் பக்கங்களுக்குத் திருப்பிவிட்டவர் ஜான் ஸுக்கரினி. 2004-இல் இரண்டரை ஆண்டு சிறை. அந்தக் கொடுமைக்கு இது குறைவுதான்.

• யாருடைய வணிகக் குறியும் அல்லாத பொதுச்சொல்லின் எழுத்துப்பிழையைத் தாராளமாக விற்கலாம். தவறாகத் தட்டி எத்தனை பேர் வருகிறார்கள், விளம்பரத்தில் என்ன கிடைக்கிறது என்று பார்த்தே விலை பேசுவார்கள்.